ஒரே கண்ணில் ட்யூப் ஆபரேஷன்: தள்ளிப்போடலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 56. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். பல வருடங்களாகக் கண் அழுத்த நோய், அதாவது க்ளாக்கோமா. வலது கண்ணில் விரலை எண்ணும் அளவுக்குத்தான் பார்வை மிச்சம். இடது கண்ணில் ஆறு வருடத்துக்கு முன்பு ‘டிராப்’ என்று சொல்லும் ட்ராபெக்குலெக்டமி அறுவை நடந்தது. அப்புறம் கண்புரையும் எடுத்தாயிற்று. இப்போது அந்த இடது கண்ணில் பிரஷர் மறுபடி ஏறிவிட்டது. மூன்று சொட்டு மருந்தும் டயமாக்ஸ் மாத்திரையும் போட்ட பிறகும் 28. இனி கண்ணுக்குள் தேங்கும் நீரை வடிக்க ஒரு சின்ன ட்யூப் வைப்பதுதான் வழி என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பயத்தோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது ட்யூப் வைத்த மூன்று பேரிடம் பேசியிருக்கிறார். திண்டிவனத்துப் பெரியவர் ஒருவர், “வச்சதும் பார்வையே போச்சும்மா” என்றாராம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண், “இருக்கறதே மறந்துபோச்சு ஆன்ட்டி” என்றாராம். மூன்றாமவருக்கு ஒரு மாதம் நன்றாக இருந்து, பிறகு பிரஷர் ஏறி, மறுபடி சொட்டு மருந்தாம். “மூணு பேரும் மூணு விதமா சொன்னா நான் யாரை நம்பறது? தை மாசக் கடைசியில மகளுக்குக் கல்யாணம். அது முடியற வரைக்கும் மாத்திரையிலயே ஓட்டிடலாமா? ட்யூப் வச்சா பார்வை திரும்புமா? வெளியில தெரியுமா? இன்னொருத்தர் கண்ணுத் தோலை வச்சுத் தைப்பாங்களாமே?” இவைதான் முக்கியமான கேள்விகள்.

அம்மா, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஃபீல்ட் டெஸ்ட் தாளையும், அதாவது பார்வையின் எந்தப் பகுதி தெரிகிறது, எது தெரியவில்லை என்று காட்டும் தாளையும், பார்த்தேன். இடது கண்ணில் மேல்பாதி அநேகமாகக் கருத்துவிட்டது. நடுப்பார்வை தப்பியிருக்கிறது. உங்களை இன்னும் ஊசியில் நூல் கோக்க வைப்பது அந்த நடுப்பகுதிதான். கண்ணை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால் கடைசி முடிவு உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்வேன். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் பார்வை திரும்புமா என்ற கேள்வி. திரும்பாது. க்ளாக்கோமாவில் கெட்டுப்போவது கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பு. போன நரம்பு போனதுதான். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் பளிச்சென்று தெரிந்ததே, அந்த அனுபவத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இந்த ஆபரேஷன் இருப்பதைக் காப்பாற்றுவதற்கு மட்டும். ஆபரேஷன் ‘வெற்றி’ என்று மருத்துவர் சொல்லும்போது நோயாளிக்கு ஒரு மாற்றமும் தெரியாது. சில வாரம் முன்பைவிட மங்கலாகக்கூடத் தெரியும். நான் பார்த்தவரை மனவருத்தம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து மருந்தை விட்டவர்கள் உண்டு.

கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் சுரந்து, கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. குழாய் திறந்திருக்க, தொட்டியின் போக்கு அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் கண்ணில் நடப்பது. (உங்கள் கணவர் நினைப்பதுபோல் பி.பி. மாத்திரையைக் கூட்டினால் இது இறங்காது. இரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு.) ஆறு வருடத்துக்கு முன்பு வெள்ளை விழியில் ஒரு சிறிய வழி திறந்துவிட்டார்கள். உடம்பு அதைக் காயம் என்று எண்ணி மூடிவிட்டது. இப்போது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனில் ஒரு சிலிக்கான் குழாயைக் கண்ணுக்குள் செலுத்தி, அதன் மறுமுனையில் உள்ள தட்டை இமைக்கு அடியில், வெள்ளை விழியின் மேல் பின்தள்ளி வைத்துத் தைப்பார்கள். நீர் அந்தத் தட்டைச் சுற்றித் தேங்கி, மெல்ல உடம்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிறுநீருக்கு வைக்கும் ட்யூப் மாதிரி வெளியே எதுவும் தொங்காது. கண்ணாடி முன் நின்று மேல் இமையைத் தூக்கிக் கீழே பார்த்தால் வெள்ளையாக ஒரு சின்ன மேடு தெரியலாம், அவ்வளவுதான்.

அந்த மேடுதான் நீங்கள் கேட்ட ‘இன்னொருத்தர் தோல்’. குழாய் மேல்தோலை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடாமல் இருக்க, கண் தானத்தில் கிடைத்த வெள்ளை விழிச் சவ்வையோ கருவிழித் துண்டையோ மேலே போர்த்தித் தைப்பார்கள். சிறுநீரகம் மாற்றுவதுபோல் இரத்த வகை பொருத்தமெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. உடம்பு அதை ஒதுக்கித் தள்ளுவதும் அரிது. இதில் அருவருக்க ஒன்றுமில்லை. க்ளாக்கோமா உள்ளவர்களும் கண் தானம் செய்யலாம் என்பதை இந்தச் சாக்கில் சொல்லி வைக்கிறேன்.

காத்திருப்பு அறையில் கேட்ட மூன்று கதைகள்

மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவரவர் எந்தக் கண்ணோடு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. பார்வை போனது என்ற பெரியவருக்குச் சர்க்கரை இருந்ததா? சர்க்கரையால் விழித்திரை கெட்டு, கண்ணுக்குள் புது இரத்தக் குழாய்கள் முளைத்து, அவை வடிகாலை அடைத்துப் பிரஷர் ஏறுகிற ஒரு வகை உண்டு. அதற்கும் ட்யூப் வைப்பார்கள். அங்கே ட்யூப் பிரஷரை இறக்கும். விழித்திரையில் நடக்கும் சேதத்தைத் தடுக்காது. பார்வை போனதும் ட்யூப் வைத்ததும் ஒரே சமயத்தில் நடந்ததால், ஒன்றால் மற்றொன்று என்று தோன்றிவிடுகிறது. அவர் கதை இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ட்யூப் வைத்து உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்களும் உண்டு, அதற்கு வருகிறேன். கேட்காமல் முடிவு கட்டாதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

மூன்றாமவர் சொன்னது ஏறக்குறைய பாடப்புத்தகத்தில் உள்ளபடி. வால்வு உள்ள ட்யூபில் முதல் சில வாரம் பிரஷர் அழகாக இறங்கும். பிறகு தட்டைச் சுற்றி உறை வளரும்போது ஒன்றிரண்டு மாதம் ஏறும். அந்தக் கட்டத்தில் சொட்டு மருந்தை மறுபடி தொடங்குவது வழக்கம். பலருக்கு அப்புறம் தணிந்துவிடும். சிலருக்கு ஒன்றோ இரண்டோ சொட்டு நிரந்தரமாகத் தேவைப்படும். ‘ட்யூப் ஃபெயில்’ என்று அவர் சொன்னது அநேகமாக இதைத்தான். ட்யூப் வைத்தால் சொட்டு மருந்தே வேண்டாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

மறந்துபோச்சு என்ற பெண் இரண்டு வருடம் தாண்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்று மாதத்தில் அவரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

அறுவையின் அபாயமும் சும்மா இருப்பதன் அபாயமும்

உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுவது ஒரே பயம்: “இருக்கிறது ஒரு கண்ணு, அதுலயும் கை வச்சா?” நியாயமான பயம். அதனால் அபாயங்களை மறைக்காமல் எழுதுகிறேன். பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி, கண்ணின் உள் அடுக்கில் நீர் கோக்கலாம். பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும். இரத்தம் கசியலாம். குழாய் கருவிழியின் உட்பக்கத்துக்கு மிக அருகில் இருந்தால் வருடக்கணக்கில் கருவிழி மங்கலாம். தட்டு கண் தசைகளை உரசி இரட்டைப் பார்வை வரலாம். உங்களுக்கு மறுகண்ணில் பார்வை மிகக் குறைவு என்பதால் இது பெரிய தொல்லையாகாது. நூறில் சிலருக்குப் பல மாதம் கழித்துக்கூட மேல்தோல் அரித்துக் குழாய் வெளியே தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் கிருமி உள்ளே போகும். நோய் மிக முற்றிய கண்ணில், மிக அரிதாக, மிச்சமிருக்கும் நடுப்பார்வையே அறுவைக்குப் பின் போய்விடுவதும் உண்டு. இந்தக் கடைசி அபாயத்தை உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். உங்கள் அளவுக்கு நரம்பு தேய்ந்த கண்ணில் பிரஷர் பத்து, பன்னிரண்டு என்ற பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எந்த மருத்துவரும் விரும்புவார். இருப்பது 28. அது இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘வரலாம்’ ‘நேரலாம்’ எல்லாம் கிடையாது. உங்கள் வலது கண்ணில் அது நடந்து முடிந்திருக்கிறது.

மறுபடியும் டிராப் செய்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே டிராபோ கண்புரை அறுவையோ நடந்த கண்களில் இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 212 கண்கள். ஐந்து வருட முடிவு 2012-இல் வெளியானது. தோல்வி என்று கணக்கிடப்பட்டவை ட்யூபில் 29.8 சதவீதம், டிராபில் 46.9 சதவீதம். க்ளாக்கோமாவுக்காக மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் ட்யூபில் 9 சதவீதம், டிராபில் 29. பார்வை குறைந்தவர்களின் விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் மருத்துவர் ட்யூபைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் மூன்றில் ஒருவருக்கு நெருக்கமாகத் தோற்கவும் செய்கிறது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

மலிவான ட்யூப் மட்டமா?

“மதுரை ட்யூப்னா விலை கம்மி, ஃபாரின் வால்வுன்னா ஜாஸ்தி” என்று கவுண்டரில் சொன்னதை வைத்து, பணம் இல்லாததால் மட்டமானதைத் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அவை இரண்டும் வேறு வேறு அமைப்பு. அகமது வால்வு என்பது பிரஷர் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். அதனால் மறுநாளே பலன் தெரியும். மதுரையில் ஆரோலேப் தயாரிக்கும் ட்யூபில் வால்வு கிடையாது, தட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. வெளிநாட்டு பேர்வெல்ட் ட்யூபின் வடிவத்தை ஒட்டியது. வால்வு இல்லாத பெரிய தட்டில் பிரஷர் நீண்ட காலத்துக்கு இன்னும் கொஞ்சம் கீழே நிற்கிறது, சொட்டு மருந்தும் குறைகிறது. அதற்கு விலையாக, பிரஷர் மிகவும் இறங்கிவிடும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். எது உங்களுக்கு என்பதை மருத்துவர் காரணத்தோடு சொல்லட்டும். விலைப்பட்டியலை வைத்து நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள்.

வால்வு இல்லாததை வைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு நூல் சமாச்சாரம் என்பதால் எளிதில் புரியும். முதல் நாளே நீர் மொத்தமாக வடிந்துவிடாமல் இருக்க, குழாயைத் தானே கரையும் நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அது கரைய ஐந்து, ஆறு வாரம் ஆகும். அதுவரை பிரஷர் அவ்வளவாக இறங்காது, பழைய சொட்டுகளைத் தொடர வேண்டும். பிறகு ஒருநாள் முடிச்சு விட்டதும் பிரஷர் சட்டென்று விழும். நேற்றுவரை தெரிந்தது இன்று மங்கும், கண் லேசாக வலிக்கும். விவரம் தெரியாதவர்கள் ‘எல்லாம் போச்சு’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கே போய்ப் பிரஷரைக் காட்ட வேண்டும். எந்தச் சொட்டை நிறுத்துவது, எதைக் கூட்டுவது என்று மருத்துவர் அன்று மாற்றிக் கொடுப்பார்.

அந்த நாளும் அதற்கடுத்த வாரங்களும்

பெரும்பாலும் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்துத்தான் செய்வார்கள். பேச்சுக் குரல் கேட்கும், கத்தி தெரியாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அன்று இரவுதான் உங்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் நல்ல கண்ணில் கட்டு இருக்கும். பாத்ரூம் போகக்கூட கைபிடிக்க ஆள் வேண்டும். கல்யாண வேலை என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் யார் உங்களோடு இருப்பார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். கட்டை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியும் என்று மருத்துவரையும் கேளுங்கள். ஒரே கண் உள்ளவர்களுக்குச் சிலர் சில மணி நேரத்திலேயே எடுத்துவிட்டுத் துளையிட்ட மூடி மட்டும் போடுவார்கள்.

அப்புறம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். தையல் கரையும்வரை அது இருக்கும். ஸ்டீராய்டு சொட்டு ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு மெல்லக் குறைத்து இரண்டு, மூன்று மாதம்வரை போகும். பாட்டில் தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தச் சொட்டே சிலருக்குப் பிரஷரை ஏற்றும். தண்ணீர்க் குடம் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, தரையில் விழுந்து கும்பிடுவது எல்லாம் ஒரு மாதமாவது கூடாது. மலச்சிக்கல் இருந்தால் முக்கிக்கொண்டு இருக்காமல் சொல்லி மருந்து வாங்குங்கள், இதை யாரும் கேட்பதில்லை. இரவில் மூடி ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும். தலைக்குக் குளிப்பதைச் சில வாரம் தள்ளி வையுங்கள். கண்ணைக் கசக்கவே கூடாது, அது வாழ்நாள் முழுவதற்கும்.

உங்கள் நாத்தனார் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறார். ஆனால் கண்ணுக்குள் நேராகப் போகும் ஒரு குழாய் இருக்கும்போது, கிருமி நீக்காத எதையும் அங்கே விடுவது பார்வையோடு விளையாடுவது.

தையல் வேலை? ஒரு மாதத்துக்குப் பிறகு ஹெம்மிங், கொக்கி வைப்பது போலச் சில்லறை வேலை பார்க்கலாம். பிளவுஸ் வெட்டித் தைக்க இரண்டு, மூன்று மாதம் ஆகட்டும். கண்ணாடி பவர் மாறியிருக்கும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கினால் பணம்தான் வீண்.

கண் திடீரென்று சிவந்து பீளை வந்தால், கடுமையாக வலித்தால், பார்வை ஒரே நாளில் இறங்கினால், ஏதோ குத்துகிற மாதிரி உறுத்தல் புதிதாகத் தொடங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து மூன்று வருடமானாலும் இதே விதிதான். இரவானால் அவசரப் பிரிவுக்குப் போய், “கண்ணுக்குள்ள ட்யூப் இருக்கு” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கல்யாணத் தேதி

இப்போது ஐப்பசி. தை கடைசிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. இந்த மாதமே செய்துகொண்டால், நூல் கரைகிற கட்டம் கார்த்திகை, மார்கழியோடு தாண்டிவிடும். கல்யாணத்தன்று கண் லேசாகச் சிவந்திருக்கலாம், ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கலாம். தள்ளிப்போட்டால், 28-இல் நிற்கும் கண்ணோடு பத்திரிகை வைக்க வெயிலில் அலைந்து, வேலை மும்முரத்தில் சொட்டு மருந்தைத் தவறவிட்டு அந்த நாளுக்கு வந்து சேர்வீர்கள். டயமாக்ஸிலேயே ஓட்டுவதும் நடக்கிற காரியமில்லை. விரல் நுனியும் பாதமும் சுருக் சுருக் என்கிறது, சோடா குடித்தால் ருசி கெட்டிருக்கிறது, எந்நேரமும் அசதி என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாம் அந்த மாத்திரையின் வேலை. மாதக்கணக்கில் போட்டால் பொட்டாசியம் குறையும், சிறுநீரகக் கல்லும் வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. ஆபரேஷன் வரைக்கும் கண்ணைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

மனது ஒப்பவில்லை என்றால் இன்னொரு க்ளாக்கோமா நிபுணரிடம் காட்டுவது உங்கள் உரிமை. உங்கள் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் உங்கள் ஆவணங்களின் நகலைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பழைய ஃபீல்ட் டெஸ்ட் தாள்கள் அத்தனையும் எடுத்துக்கொள்ளுங்கள்; கடைசித் தாளைவிட, வருடாவருடம் எவ்வளவு கருத்தது என்பதுதான் முடிவு சொல்லும். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, செலவுதான் தடை என்றால் அங்கே போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எங்கே செய்வதானாலும் இந்த அறுவைக்கு ஒப்புதல் உண்டா என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் இந்த இரண்டாவது கருத்தெல்லாம் பத்து நாளுக்குள் முடியட்டும்.

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த ட்யூப்கள் சிலிக்கான், பிளாஸ்டிக் வகை, எடுக்கலாம். விமான நிலையத்தில் கத்தாது. என்ன ட்யூப் வைத்தார்கள் என்ற ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இந்த நோய் குடும்பத்தில் ஓடும். சென்னையில் நடந்த க்ளாக்கோமா ஆய்வில், நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் அண்ணனுக்கு 60 ஆகிறது, படிக்கும்போது அடிக்கடி கண்ணாடி மாற்றுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்த மாதமே பிரஷரும் கண் நரம்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும், கல்யாணம் முடிந்து நிதானமாகப் போகலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது இதில் சேராது. மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கிற மருத்துவரிடம்தான் போக வேண்டும்.